காய்ந்த மணல், ஈரமணல்: சூடு எதில் விரைவாக ஓடும்?

சித்திரை வெயிலில் மணற்காட்டு மணற்குன்றுகளில் செருப்பில்லாமல் நடந்தவருக்குத் தெரியும்: மேல்மணல் காலைப் பொரிக்கும், ஒரு சாண் தோண்டினால் குளிர்ந்திருக்கும். காய்ந்த மணல் சூட்டை எளிதில் கீழே இறங்கவிடாது. நீர் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மூன்று பால்மாப் பேணிகளில் பார்த்துவிடலாம்.

மணலுக்காகக் கடற்கரைக்குப் போக வேண்டாம். வீடு கட்டி மிஞ்சியது போதும். அரித்து, கிணற்று நீரில் கழுவி, சாக்கில் பரப்பி, விரலில் ஒட்டாமல் உதிரும்வரை வெயிலில் காயவிடுங்கள்.

பிறகு ஒரு கிலோ வீதம் மூன்று பங்கு நிறுத்துக்கொள்ளுங்கள். முதலாவது அப்படியே இருக்கட்டும். இரண்டாவதில் 50 மில்லிலீற்றர் நீர் தெளித்துப் பிசறுங்கள். மூன்றாவதைப் பேணியில் இட்டு, மேலே நீர் மினுங்கும்வரை ஊற்றுங்கள். ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் பிடிக்கும்.

ஈரமணல் பொங்கி நிற்கும். மேசன்மாருக்கு இது பழகிய சங்கதி. மூன்று பேணியிலும் மணல் ஒரே உயரத்துக்கு வரும்படி தட்டி இறுக்குங்கள். இதை விட்டால் ஒப்பீடே பிழைத்துவிடும்.

வாயைப் பொலித்தீனால் கட்டுங்கள். முதல்முறை நான் கட்டாமல் வெயிலில் வைத்தேன். ஈரமணல்தான் குளிர்ந்து கிடந்தது! ஆவியாகும் நீர் சூட்டையும் கொண்டுபோகும் என்பதை மறந்திருந்தேன். தண்ணீர்ப் பானையை ஈரமணலில் இருத்துவதே அதற்காகத்தானே.

மூன்றையும் ஒரே அகன்ற சட்டியில் வைத்து, மணல் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரும்வரை சுடுநீர் ஊற்றுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரே ஆழத்தில் வெப்பமானியைக் குத்தி, 5 நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவாருங்கள். காய்ந்த மணல் பின்தங்குவது அரை மணித்தியாலத்துக்குள் தெரிந்துவிடும்.

மணல்மணிகள் ஒன்றையொன்று தொடுவது சிறு புள்ளிகளில்தான். மீதி இடைவெளியெல்லாம் காற்று. நீர் முதலில் அந்தத் தொடுபுள்ளிகளைச் சுற்றித் தேங்கிப் பாலம் போடுகிறது. காற்றைவிட நீர் 20 மடங்குக்கு மேல் நன்றாகச் சூட்டைக் கடத்தும். ஆகவே பெரிய தாவல் முதல் சில கரண்டி நீரிலேயே நடந்துவிடுகிறது. காய்ந்த மணலின் வெப்பக் கடத்தாறு (சூட்டைக் கடத்தும் திறனின் அளவு), மீற்றருக்குக் கெல்வினுக்கு ஏறத்தாழ 0.3 வாற்று, நீர் நிறைந்தால் 2 அளவுக்கு ஏறும்.

அப்படியென்றால் மூன்றாவது பேணி இரண்டாவதை வெகுதூரம் முந்த வேண்டுமே? முந்தாது. அதிலுள்ள நீரையும் சூடாக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு பாகைக்கும் காய்ந்த மணலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் செலவாகிறது. நாலாவது பேணி கிடைத்தால், முதல் சில கரண்டி நீரே போதுமா என்று அறிய, ஒரு கிலோ காய்ந்த மணலில் 20 மில்லிலீற்றரும் ஊற்றிப் பாருங்கள்.