ஊர் மக்களிடம் கருத்துக் கேட்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: வேலூர் வட்டாரத்தை முன்வைத்து

ஓர் ஆய்வுக்கோ அரசுத் திட்டத்துக்கோ ஊர் மக்களின் பங்கேற்பு வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. ஆனால் முடிவுகளையெல்லாம் எடுத்த பிறகு, கையெழுத்துக்கும் புகைப்படத்துக்கும் மட்டும் ஊரைக் கூட்டும் வழக்கம் குறைந்தபாடில்லை. எதைக் கேட்பது என்று தீர்மானிக்கும்போதே மக்கள் உடனிருக்க வேண்டும். இல்லாவிட்டால், எத்தனை பேரைக் கேட்டாலும் கேட்டவர் முன்பே நினைத்திருந்ததுதான் விடையாக வந்து சேரும்.

அடுத்த தவறு, ஊருக்கு ஒரே கருத்துதான் இருக்கும் என்று எண்ணுவது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பொன்று தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற நெறி நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் அதனால் ஊர் முழுவதும் ஒரே பக்கம் என்று ஆகிவிடாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் கிணறு கெட்டுப் பயிரைப் பறிகொடுத்த விவசாயியும் இருக்கிறார். தோல் தொழிற்சாலைக் கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவரும் இருக்கிறார். இருவரும் ஒரே குடும்பத்தவராகவும் இருக்கக்கூடும். அவர்களை ஒரே கூட்டத்தில் உட்கார வைத்தால் ஒருவர் வாய் திறக்கமாட்டார். தனித்தனியே கேட்டு, முரண்பாட்டை முரண்பாடாகவே எழுத வேண்டுமே தவிர, 'பெரும்பாலோர் கருத்து' என்று பூசி மெழுகக் கூடாது.

இவற்றைவிட அதிகம் கவனிக்கப்படாதது நேரம். குடியாத்தம் பக்கம் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்ணுக்கு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதுதான் கூலிக் கணக்கு. மடியில் முறத்தை வைத்து, வெட்டிய இலையில் தூளை நிரப்பிச் சுருட்டி, முனை மடித்து நூல் கட்டும் அந்தக் கை, நாற்பது கேள்விகளுக்காக நின்றால் அவருடைய அன்றைய வருமானம் குறைகிறது. அந்த இழப்பை ஈடுகட்டாமல், 'பெண்கள் ஆர்வம் காட்டவில்லை' என்று அறிக்கையில் எழுதுவது அநியாயம். காலை பதினொரு மணிக் கூட்டத்துக்கு யார் வருவார்கள்? வேலைக்குப் போகாதவர்களும் கட்சிக்காரர்களும்தான். கூட்டத்தை எந்த நேரத்தில், யார் வீட்டு வாசலில் வைப்பது என்பதை அந்தப் பெண்களிடமே கேட்டு முடிவு செய்யலாம்.

மொழியும் அப்படித்தான். உருது பேசும் குடும்பங்கள் நிறைந்த ஆம்பூர், வாணியம்பாடித் தெருக்களில் தமிழ்ப் படிவம் மட்டும் போதாது.

மாவட்ட எல்லையைச் சமூகத்தின் எல்லையாகக் கொள்வது இன்னொரு பிழை. வேலூரை உள்ளடக்கியிருந்த பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்தது. 2019இல் வேலூர் மாவட்டமும் மூன்றாயிற்று. ஜவ்வாது மலை இன்று வெவ்வேறு மாவட்டங்களில் கிடந்தாலும், அங்குள்ள மலையாளி எனப்படும் பழங்குடியினரின் (கேரளத்தவர் அல்லர்) உறவுமுறையும் சந்தையும் அந்த எல்லைக்கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. (வயதானவர்கள் பலர் இன்னும் 'வட ஆற்காடு' என்றே சொல்கிறார்கள், அவர்கள் நினைவில் பழைய எல்லையே இருக்கிறது.)

கடைசியாக, தகவலை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது. அச்சுக்குக் கொடுக்கும் முன்பே, ஊராட்சித் தலைவரிடம் பேசி, முடிவுகளை இரண்டு பக்கத் தமிழில் அங்கே வாசிக்கலாம். யாராவது எழுந்து 'இது தப்பு' என்றால், அதைக் குறித்துக்கொண்டு அறிக்கையைத் திருத்துவதற்கான காலத்தையும் பணத்தையும் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.