நாலாம் மாடியில் ஓர் உர வாளி

மியன்மாரின் யாங்கோனில் எங்கள் வீடு நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது. குப்பை வண்டி மணி கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஒருநாள் முழங்கால் வலியில் பையைப் பிரித்தே பார்த்துவிட்டேன். கனமெல்லாம் காய்த்தோல், டீத்தூள், மிச்சச் சோறு. மற்றதெல்லாம் வெறும் காற்று!

அதனால் முதலில் ஈரக் குப்பையைக் கவனியுங்கள். நகராட்சி ஈரத்துக்குப் பச்சைப் பை, உலர்ந்ததற்கு நீலப் பை என்று வைத்திருக்கிறது. பச்சைப் பை எனக்கு இப்போது அபூர்வமாகத்தான் தேவைப்படுகிறது.

ஈரக் குப்பையை வீட்டிலேயே உரமாக்க, 20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு எடுத்து நன்றாகக் கழுவுங்கள். பழுக்கக் காய்ச்சிய ஆணியால் அடியிலும் பக்கங்களிலும் துளை போடுங்கள். அடியில் தட்டு கட்டாயம். நான் தட்டு வைக்காத முதல் மழைக்காலத்தில், கறுப்புத் தண்ணீர் மூன்றாம் மாடி அக்காவின் வெள்ளை லோஞ்சியில் (பர்மிய லுங்கி) சொட்டியது. ஒரு மாதம் பேசவில்லை. வாளிக்கு மூடியும் வேண்டும், மழை நேராக இறங்கக் கூடாது.

அடியில் தேங்காய் நார் நாலு விரல் கனத்துக்கு. அதன்மேல் ஒரு கை ஈரக் குப்பைக்கு இரண்டு, மூன்று கை உலர்ந்த சருகோ கிழித்த அட்டையோ. இந்தக் கணக்கில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். மழையில் சருகு கிடைக்காது. மே மாதத்துக்கு முன்பே ஒரு மூட்டை சேர்த்துவிடுங்கள். ஙாப்பி (புளிக்க வைத்த மீன் விழுது), மீன் தலை, எண்ணெய்க் குழம்பு வேண்டாம், எலி வரும். பால் டீ வடிகட்டிய தூளை அலசிப் போடுங்கள், இல்லாவிட்டால் எறும்புதான்.

மூன்று நாளுக்கு ஒருமுறை கம்பால் கிளறுங்கள். 2018 ஏப்ரலில் எங்கள் ஊர்த் தெயின்பின் குப்பைமேடு பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்தது நினைவிருக்கும். அந்த மாதிரி மேட்டுக்குள் ஈரக் குப்பை காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும்; தீ பிடித்தால் லேசில் அணையாது. வாளியைக் கிளறினால் காற்று போகும், நாற்றமும் அடங்கும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் அட்டை சேருங்கள். காய்ந்திருந்தால் அரிசி கழுவிய தண்ணீர்.

ஒரு வாளி நிறைந்ததும் அடுத்ததைத் தொடங்குங்கள். நிறைந்தது இரண்டரை, மூன்று மாதத்தில் மண்வாசனை அடிக்கும். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு மண் கலந்து தொட்டியில் புளிச்சக்கீரை போடலாம். என் கறிவேப்பிலை மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது.

பாட்டில், டின், பழைய பேப்பருக்கு மாடியிலிருந்து தொங்கும், நுனியில் கிளிப் கட்டிய கயிறே போதும். பழைய சாமான்காரர் குரல் கேட்டதும் பையைக் கிளிப்பில் மாட்டி இறக்குவேன். அவர் எடை போட்டுக் காசைக் கிளிப்பில் செருகுவார். எண்ணெய் பட்ட பிளாஸ்டிக் பையை மட்டும் அவர் வாங்குவதில்லை. அது நீலப் பையோடு வாரம் ஒருமுறை இறங்குகிறது.