கிளேபோ ஓடும் ஸ்பிரிண்ட் பந்தயத்தைப் பேத்தியோடு உட்கார்ந்து பார்ப்பது எப்படி

போன வருஷம் என் பேத்தி ஒரு போட்டியில் 800 மீட்டர் ஓடினாள். காலையில் தகுதிச்சுற்று, மதியம் இறுதி. காலையில் கூட ஓடிய அத்தனை பேரையும் வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு வந்தாள். நான் வேலியோரம் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். மதியம் அதே பிள்ளை ஆறாவதாக வந்தாள். காலில் எதுவும் மிச்சமில்லை. தண்டையார்பேட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியவள், இறங்கும்வரை என்னைப் பார்க்கவே இல்லை.

"காலையில கொஞ்சம் அடக்கி ஓடியிருக்கலாம் கண்ணு" என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. கண்ணால் பார்த்தால்தான் ஏறும் என்று தோன்றியது. அவளுக்குக் காட்ட ஒரு ஆள் கிடைத்தார். நார்வே நாட்டுக்காரர், பெயர் யோஹன்னஸ் ஹூஸ்ஃப்ளோட் கிளேபோ. 1996இல் பிறந்தவர். ஸ்கீ என்கிற நீளப் பலகையைக் காலில் கட்டிக்கொண்டு பனியில் ஓடுகிற கிராஸ் கன்ட்ரி பந்தயத்தில், ஸ்பிரிண்ட் என்கிற குறுந்தூரப் பிரிவுக்கு அவரைவிட்டால் ஆள் இல்லை என்பேன். அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் அவருடைய தாத்தா, அம்மாவைப் பெற்றவர், கோரே ஹூஸ்ஃப்ளோட். அதைப் படித்த அன்றே எனக்கு அந்தக் குடும்பத்தோடு ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது.

பேரப்பிள்ளைகளை உட்கார வைத்து இந்தப் பந்தயத்தைக் காட்ட நினைப்பவர்களுக்காக, நாங்கள் பார்க்கிற முறையை எழுதுகிறேன்.

முதலில் நேரம். குளிர்காலத்தில் நார்வே, இத்தாலி எல்லாம் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். அங்கே காலை பத்து என்றால் நமக்கு மதியம் இரண்டரை. அதனால் ராத்திரி கண் விழிக்க வேண்டியதில்லை. தகுதிச்சுற்று சாப்பாட்டுக்கு அப்புறம் வரும், இறுதி மாலை டீ நேரத்தில் வரும். பழைய பந்தயங்களை இணையத்தில் பார்ப்பதாக இருந்தாலும் இறுதியை மட்டும் பார்க்காதீர்கள். கிடைக்கிறவரை முழு நாளையும் பாருங்கள். பாடம் இருப்பதே அதில்தான்.

ஒரு தாளில் படம் போட்டு முறையைப் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். தகுதிச்சுற்றில் பதினைந்து விநாடிக்கு ஒருவராகத் தனித்தனியே கிளம்புவார்கள், கடிகாரத்தோடுதான் போட்டி. வேகமான முப்பது பேர் உள்ளே. அப்புறம் ஆறு ஆறு பேராக ஐந்து காலிறுதி. ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு பேர் போவார்கள், மீதிப் பேரில் நேரம் நன்றாக உள்ள இரண்டு பேருக்கும் இடம் உண்டு. பன்னிரண்டு பேர் இரண்டு அரையிறுதி ஓடி, அதே கணக்கில் ஆறு பேர் இறுதிக்கு வருவார்கள். ஒரு ஓட்டம் ஏறக்குறைய மூன்று நிமிடம். ஆக, தங்கம் வாங்குகிறவர் ஒரே நாளில் நான்கு முறை நெஞ்சு வெடிக்க ஓடியிருப்பார். கடைசி இரண்டுக்கும் நடுவே அரை மணி நேர ஓய்வுகூட இருக்காது.

இந்தக் கணக்கைத் தாளில் பார்த்ததும் என் பேத்தி கேட்டாள், "நாலு தடவையா தாத்தா?" அவளுக்கு இரண்டு தடவையே என்ன பாடு என்று தெரியுமே.

அடுத்தது, பனியைப் புரியவைப்பது. நமக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் போதும். விடியற்காலை ஏலம் நடக்கிற நேரத்தில் அழைத்துப் போங்கள். உடைத்துக் கொட்டிய ஐஸ் தரையெல்லாம் கரைந்து கிடக்கும். அதன்மேல் கூடை சுமந்து போகிறவர்களின் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நீளமாக அடி வைக்க மாட்டார்கள். குட்டிக் குட்டி அடி, வேகமான அடி, உடம்பு நேராகப் பாதத்தின் மேல். எட்டி வைத்தால் வழுக்கும் என்பது அவர்களின் காலுக்கே தெரியும்.

இப்போது கிளேபோ மேடு ஏறுவதைப் பாருங்கள். ஸ்பிரிண்ட் இரண்டு பாணியில் நடக்கும். ஒன்று கிளாசிக்: பனியில் வெட்டிய இரட்டைத் தடத்தில் இரண்டு ஸ்கீயும் இணையாகப் போகும். இன்னொன்று ஃப்ரீஸ்டைல்: ஸ்கேட்டிங் போல இரு பக்கமும் உந்திப் போவது. கிளாசிக் பாணியில் செங்குத்தான மேடு வந்ததும் மற்றவர்கள் வழுக்கிப் போகிற நீளத்தை நம்பி அடி எடுப்பார்கள். இவர் வழுக்கலையே விட்டுவிட்டு, கூடை சுமப்பவரைப் போலக் குட்டி அடிகளாக எடுத்து ஓடியே ஏறுவார். காலில் அவ்வளவு நீளப் பலகை கட்டியிருக்கிறது என்பதே மறந்துவிடும். சத்தத்தை நிறுத்திவிட்டு, பத்து விநாடிக்கு அவர் அடியையும் பக்கத்தில் ஏறுபவரின் அடியையும் பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். வித்தியாசத்தை நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.

வழுக்குகிற பலகை மேட்டில் பிடிப்பது எப்படி என்று கேட்பாள். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை லேசாக வளைத்து, வில்போல நடு மேலே தூக்கியிருக்கும்படி மேஜைமேல் வையுங்கள். கிளாசிக் ஸ்கீயின் வடிவம் அதுதான். நடுப்பகுதியின் அடியில் பிடிமானத்துக்கான மெழுகு தடவியிருப்பார்கள். முழு எடையும் ஒரு காலில் இறங்கும்போது நடுப்பகுதி அமுங்கிப் பனியைக் கவ்வும், எடை எடுத்ததும் மேலே எழும்பி வழுக்க விடும். விரலால் ஸ்கேலின் நடுவை அழுத்திக் காட்டினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். எடையைத் தயங்கித் தயங்கி இறக்கினால் கவ்வாது, கால் பின்னால் சறுக்கும்.

சரி, எந்தப் பந்தயங்களைப் பார்ப்பது? நான் நான்கு சொல்வேன், வரிசையாக. 2018 பியோங்சாங் ஒலிம்பிக், 2019 சேஃபெல்ட் உலகப் போட்டி, 2022 பெய்ஜிங் ஒலிம்பிக், 2025 டிரோன்ஹெய்ம் உலகப் போட்டி. நான்கிலும் ஆண்கள் ஸ்பிரிண்ட் தங்கம் கிளேபோவுக்கு. முதலாவது மட்டும் கிளாசிக், மற்ற மூன்றும் ஃப்ரீஸ்டைல். பியோங்சாங்கில் அவருக்கு வயது 21தான். கடைசி மேட்டில் அவர் பிரிந்து போன இடத்தை நாங்கள் ஏழெட்டு முறை திருப்பிப் பார்த்தோம். அதுவரை கூட்டத்தோடு கூட்டமாக, முகத்தில் ஒரு பதற்றமும் இல்லாமல் வந்தவர், தான் குறித்து வைத்த மேடு வந்ததும் எழுந்து ஓடினார். அவ்வளவுதான், பந்தயம் முடிந்தது.

அந்த நான்கிலும் இன்னொரு பெயரைக் கவனிக்கச் சொல்லுங்கள். நான்கிலும் வெள்ளி வாங்கியவர் ஒரே ஆள், இத்தாலியின் ஃபெதெரிகோ பெல்லெக்ரினோ. கிளேபோவைவிட ஆறு வயது மூத்தவர், 2017இல் லாத்தியில் உலகச் சாம்பியனானவர். ஏழு வருஷ இடைவெளியில் நான்கு முறை ஒரே ஆளுக்குப் பின்னால் வந்தும், அடுத்த குளிர்காலத்தில் மறுபடி கோட்டில் வந்து நின்றிருக்கிறார். என் பேத்திக்கு கிளேபோவைவிட அவரைத்தான் அதிகம் பிடிக்கும். இறுதியை ஒருமுறை கிளேபோவை மட்டும் பார்த்து ஓட்டுங்கள், இன்னொருமுறை பெல்லெக்ரினோவை மட்டும். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டால் காற்றின் தடை குறைவு. இறக்கத்தில் அப்படிச் சேர்த்த வேகத்தோடு, வளைவு முடிந்ததும் பக்கவாட்டில் வெளியே வருவார்கள். அந்த வித்தையில் இத்தாலிக்காரர் பெரிய கெட்டிக்காரர்.

கோட்டைத் தொடும்போது கடைசியில் ஒரு காலை முன்னால் நீட்டி விழுவதுபோலப் பாய்வார்கள். நம் ஓட்டப் பந்தயத்தில் நெஞ்சு. அங்கே ஷூவின் நுனி எப்போது கோட்டைத் தாண்டியது என்பதுதான் கணக்கு. இதைச் சொல்லி வைக்காவிட்டால், ஏன் கீழே விழுகிறார் என்று ஒவ்வொரு முறையும் கேள்வி வரும்.

தோற்ற கதையையும் மறைக்காமல் காட்டுங்கள். 2021இல் ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃபில் நடந்த உலகப் போட்டியில் 50 கிலோமீட்டர் பந்தயம். கடைசி நேர்வழியில் கிளேபோவும் ரஷ்யாவின் அலெக்சாண்டர் போல்ஷுனோவும் உரசிக்கொண்டார்கள், போல்ஷுனோவ் கையில் பிடித்து ஊன்றுகிற கம்பு உடைந்தது. கிளேபோதான் முதலில் கோட்டைத் தொட்டார். ஆனால் நடுவர்கள் அவரை நீக்கிவிட்டார்கள். தங்கம் எமில் ஈவர்சன் என்ற இன்னொரு நார்வேக்காரருக்குப் போனது. என் பேத்தி அன்று சாப்பிடும்போதும் அதையே பேசினாள். அப்புறம் 2025க்கு வாருங்கள். டிரோன்ஹெய்ம் அவர் வளர்ந்த ஊர். சொந்த ஊர் ஜனத்துக்கு முன்னால் அந்த உலகப் போட்டியில் ஆறு பந்தயம் இறங்கினார், ஆறிலும் தங்கம். அதில் ஒன்று 50 கிலோமீட்டர். மூன்று நிமிட ஓட்டக்காரர் என்று பெயர் வாங்கியவர், ஓபர்ஸ்டோர்ஃபில் பறிபோன தூரத்தையும் வென்றுவிட்டார். இந்த இரண்டையும் ஒரே நாளில், அடுத்தடுத்துக் காட்டுங்கள். நடுவில் எழுந்து போய் ஒரு தட்டு அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், வாங்கி வந்தேன், அவள் தொடவே இல்லை.

பார்த்ததோடு விடக் கூடாது. அடுத்த ஞாயிறு விடிகாலையிலேயே மைதானத்துக்குப் போங்கள். நான்கு ஓட்டம், ஒவ்வொன்றும் 300 மீட்டர், நடுவே இருபது நிமிட ஓய்வு. ஓய்வில் உட்கார விடாதீர்கள், மெதுவாக நடக்க வேண்டும், இரண்டு மடக்குத் தண்ணீர், தோளில் ஒரு துண்டு. கிளம்பும் முன் ஒரு இடத்தைப் பிள்ளையே குறிக்கட்டும், ஒரு மரமோ கம்பமோ. அதுவரை யார் முந்தினாலும் விட்டுவிட வேண்டும், அங்கிருந்துதான் வேகம். கூட ஓட இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால் நல்லது. தனியாக ஓடினால் அடக்கி ஓடுவது என்னவென்றே தெரியாது.

முதல் ஓட்டத்தில் பேத்தி பழக்கதோஷத்தில் பாய்ந்துவிடுவாள். திட்டாதீர்கள். முதல் மூன்றுக்கும் நான் கடிகாரத்தை வெளியிலேயே எடுப்பதில்லை. நாலாவதை மட்டும்தான் எழுதி வைப்போம்.