ஸ்பேனர், பிளேயர் வாங்கும்போது பிராண்டிலும் வாரண்டியிலும் ஏமாறும் இடங்கள்

டபாரியாவா, ஸ்டான்லியா என்று வீட்டிலேயே முடிவு கட்டிக்கொண்டு கடைக்குப் போவதுதான் முதல் தவறு. எந்தக் கம்பெனியும் எல்லாக் கருவியையும் ஒரே தரத்தில் செய்வதில்லை. பிளேயரில் பேர் வாங்கிய கம்பெனியின் அளக்கும் டேப் சுமாராக இருக்கலாம். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டி கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறை வரைக்கும் கைக்கருவிக்கு வேலை வைப்பவை கிணற்று மோட்டார், போர்வெல் பைப், தென்னை நார் மில், வீட்டு வயரிங். இதில் உங்கள் கையில் தினமும் அடிபடுவது எது என்று பார்த்து, அதற்கு மட்டும் நல்ல பிராண்டுக்குக் காசு கொடுங்கள். மற்றதில் கையைச் சுருக்கலாம்.

அடுத்த தவறு பெட்டி செட். நூற்றுச் சொச்சம் பீஸ் என்று பளபளப்பாக அடுக்கி வைத்திருப்பார்கள். எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஸ்குரூ டிரைவர் பிட்டும் சின்ன சாக்கெட்டும்தான். பம்ப்செட் வேலையில் திரும்பத் திரும்ப வேண்டியது 10, 13, 17, 19 எம்எம் சைஸ்கள். 6 எம்எம் போல்ட்டுக்கு 10, 8 எம்எம் போல்ட்டுக்கு 13, 10 எம்எம் போல்ட்டுக்கு 17, 12 எம்எம் போல்ட்டுக்கு 19 சைஸ் ஸ்பேனர் பிடிக்கும். ஐஎஸ்ஓ அளவில் வரும் புது போல்ட்டுகளில் கடைசி இரண்டும் 16, 18 ஆகிவிடும். இந்த ஆறு சைஸையும் ஒரு பக்கம் ரிங், ஒரு பக்கம் ஓப்பன் உள்ள காம்பினேஷன் ஸ்பேனராக, நல்ல கம்பெனியில் உதிரியாக வாங்குங்கள். 6-7 முதல் 20-22 வரை வரும் எட்டு பீஸ் டபுள் ஓப்பன் செட் சாதாரண விலையில் ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும்.

கடையில் ஸ்பேனரைக் கையில் தூக்கிப் பார்த்து, "நல்ல வெயிட்டா இருக்கு" என்று எடுத்துவிடுகிறார்கள். எடை தரத்தைச் சொல்லாது. சட்டைப் பையில் புதிய 8 எம்எம் ஹைடென்சில் போல்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு போங்கள். 13 சைஸ் ஸ்பேனரை அதன் தலையில் மாட்டி இடமும் வலமும் ஆட்டுங்கள். லேசான ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற அளவு திரும்பிவிட்டுப் பிறகு பிடித்தால் வேண்டாம். துருப்பிடித்த ஃபுட்வால்வ் ஃபிளாஞ்சு நட்டில் அந்த ஆட்டம்தான் மூலையைத் தேய்த்து உருண்டையாக்கும். அந்த மாதிரி நட்டுக்கு பன்னிரண்டு முனை ரிங்கைவிட ஆறு முனை சாக்கெட் நல்லது. மூலையை மட்டும் கவ்வாமல் தட்டைப் பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும்.

'குரோம் வனேடியம்' (உறுதியான எஃகுக் கலவை) என்ற முத்திரையை நம்பிப் பணம் கொடுப்பதும் அப்படித்தான். அந்த எழுத்தை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஸ்பேனருக்குக் கடினம் ராக்வெல் சி அளவில் நாற்பதுக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். குறைந்தால் வாய் விரியும், அளவு மீறினால் படாரென்று உடையும். கடையில் இதை அளக்க வழியில்லை. ஆனால் ஓப்பன் ஸ்பேனரில் ஐஎஸ் 2028, பிளேயரில் ஐஎஸ் 3650 என்று இந்தியத் தர எண் போட்டு, கம்பெனி முகவரியும் அச்சிட்டவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை உண்டு. பளபளப்பும் அளவுகோல் அல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தோடு வருகிற ஊரில் மட்டமான முலாம் முதலில் கீறல் விழுந்த இடத்தில் உரியும். உரிந்த ஓரம் பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும். கறுப்பு ஃபாஸ்பேட் பூச்சு அசிங்கமாகத் தெரிந்தாலும் எண்ணெய்த் துணியால் துடைத்து வந்தால் நின்று உழைக்கும். துருவுக்குப் பொதுவாக வாரண்டி கிடைக்காது. நார் மில்காரர்கள் ராட்செட் (சாக்கெட்டை ஒரு பக்கமாகத் திருகும் பல் வைத்த கைப்பிடி) வாங்கும்போது மேல்மூடியை ஸ்குரூ போட்டுக் கழற்ற முடியுமா, உள்ளே மாற்றும் ரிப்பேர் கிட் கிடைக்குமா என்று கேளுங்கள். தென்னை நார்த்தூள் உள்ளே போய் பல் வழுக்கும். கழற்றிக் கழுவி கிரீஸ் வைக்க முடியாத ராட்செட் அங்கே பயன்படாது.

கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். முனையில் தாடை இரண்டும் சேர வேண்டும். வெட்டும் விளிம்பில் இடைவெளி தெரிந்தால் வையுங்கள் கீழே. பிறகு வயரின் ஒற்றை இழையை வெட்டிப் பாருங்கள். நசுங்காமல் துண்டாக வேண்டும். அதே பிளேயரில் ஸ்பிரிங் கம்பியை வெட்டி விளிம்பில் பள்ளம் விழுந்தால் அது தவறான உபயோகம், மாற்றித் தரமாட்டார்கள்.

இனி உயிர் சம்பந்தப்பட்டது. பிடியில் சிவப்போ மஞ்சளோ பிளாஸ்டிக் இருக்கிறது என்பதற்காகக் கரண்ட் பிடிக்காது என்று நினைக்கிறார்கள். பல பிடிகள் வெறும் முக்கி எடுத்தவை. கை வழுக்காமல் இருக்க மட்டுமே உதவும். ஐஇசி 60900 என்ற சர்வதேசத் தர எண், இரட்டை முக்கோணக் குறி, 1000 வோல்ட் என்ற எழுத்து மூன்றும் கருவியிலேயே பொறித்திருந்தால்தான் இன்சுலேட்டட். அட்டையில் மட்டும் போட்டிருப்பது செல்லாது. இந்த ஒரு சாமானில் விலை பேசாதீர்கள். வாங்கிய பிறகும் பிடியில் வெட்டு விழுந்தால் அன்றே கரண்ட் வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆக்ஸா பிளேடில் பிராண்டைவிடப் பல் எண்ணிக்கை முக்கியம். கனத்த இரும்புக்கு அங்குலத்துக்கு 18, பைப்புக்கும் ஆங்கிளுக்கும் 24, மெல்லிய தகட்டுக்கு 32.

"கேரளாப் பக்கம் வரி கம்மி" என்பது 2017 ஜூலைக்கு முந்தைய கதை. ஸ்பேனருக்கும் பிளேயருக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், எல்லையின் எந்தப் பக்கமும் அதுவே. விலை குறைந்தால் அது கடைக்காரர் தரும் தள்ளுபடி, இல்லாவிட்டால் டூப்ளிகேட். பட்டறைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் வைத்துக்கொண்டு பாலக்காட்டில் கேரள எஸ்ஜிஎஸ்டி (மாநில ஜிஎஸ்டி) போட்ட பில் வாங்கினால் இன்புட் கிரெடிட், அதாவது கட்டிய வரியை உங்கள் வரியில் கழிப்பது, எடுக்க முடியாது. எண்ணைக் கொடுத்து ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஜிஎஸ்டி) பில் கேளுங்கள்.

டூப்ளிகேட்டை அட்டையில் பிடிக்கலாம். தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதமும் வருடமும், எம்ஆர்பி, புகார் எண் எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதியாளர் முகவரியும் எந்த நாட்டுப் பொருள் என்பதும் வேண்டும். அதன்மேல் வேறு விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும், கருவியில் எழுத்து குத்தியது போல இல்லாமல் மேலோட்டமாக அரித்தது போல இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

வாரண்டியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அமெரிக்காவில் உடைந்த ஸ்பேனரைக் கேள்வி கேட்காமல் மாற்றித் தருவதாக வீடியோவில் பார்த்துவிட்டு, அதே பெயர் அட்டையில் இருந்தால் இங்கேயும் அப்படித்தான் என்று எண்ணுகிறார்கள். வாரண்டி பெரும்பாலும் நாட்டுக்கு நாடு மாறும். அந்நாட்டின் அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். 'லைஃப்டைம்' என்பது உற்பத்திக் குறைக்கு மட்டும். பிளேடு, பிட், அரம் போன்ற தேய்மானச் சாமான்கள் சேராது. ஸ்பேனர் வாலில் பைப் மாட்டித் திருகினாலும், ஸ்குரூ டிரைவரை உளியாக்கிச் சுத்தியலால் அடித்தாலும், கிரைண்டரில் தேய்த்தாலும் வாரண்டி போய்விடும்.

வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்க வேண்டியது: "அண்ணா, உடைஞ்சா நீங்களே மாத்தித் தருவீங்களா, கம்பெனிக்கு அனுப்புவீங்களா? கூரியர் செலவு யாரோடது? எத்தனை நாளாகும்?" ஒரு பிளேயரைக் கொச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்பி வாங்கும் செலவு புதுப் பிளேயர் விலையைத் தொட்டுவிட்டால் அந்த வாரண்டி வெறும் காகிதம். அதனால் கொஞ்சம் விலை கூடினாலும் உங்கள் ஊர் ஹார்டுவேர்ஸ் கடையே மேல். பில்லில் 'ஸ்பேனர் 1' என்று எழுத விடாதீர்கள். பிராண்டும் மாடல் எண்ணும் வர வேண்டும். அந்த வழவழப்பான பில் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், அன்றே படம் எடுத்து வையுங்கள்.

உடைந்தால் உடைந்த முகத்தைத் துடைக்காமல், தேய்க்காமல் வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் பிறை போலக் கறுத்தோ துருவேறியோ ஒரு திட்டு இருந்து மீதி பளிச்சென்று இருந்தால், விரிசல் முன்பே இருந்தது. வாங்கிக் கொஞ்ச நாளே ஆகியிருந்தால் அது உங்கள் பக்கம் சாட்சி. முகம் முழுக்கப் புதுசாகச் சர்க்கரைத் தூள் மாதிரி மினுங்கினால், இரும்பு அளவு மீறிக் கடினமானதாகவோ, நீங்கள் அளவு மீறிப் பலம் கொடுத்ததாகவோ இருக்கலாம், வாதாட இடமுண்டு. வாய் விரிந்து வளைந்திருந்தால் பைப் மாட்டினீர்களா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

கேரளப் பக்கம் வாங்கியதற்குப் புகார் கொடுக்க அந்தப் பக்கமே அலைய வேண்டும் என்று விட்டுவிடுபவர்கள் நிறைய. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொழிஞ்சாம்பாறையில் வாங்கிய சாமானுக்குப் பொள்ளாச்சிக்காரர் கோவை மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பில் படத்தை வைத்துக்கொண்டு புகாரைப் பதிவு செய்யுங்கள்.