டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தால் கை போனுக்குப் போகிறதா?

எட்டாயிரம் ரூபாய்க்கு 5 சதவீதம், இரண்டு ஆண்டு. தனி வட்டிக்கும் கூட்டு வட்டிக்கும் வித்தியாசம் எவ்வளவு? இரண்டாம் ஆண்டு வட்டியைப் போடும்போது லேசாகக் குழம்பும். சரியாக அந்த இடத்தில்தான் கை போனை எடுக்கும். விடை 20 ரூபாய். பொறுமையாகப் போட்டால் இரண்டு நிமிடக் கணக்கு. ரீல்ஸிலிருந்து தலையைத் தூக்கும்போது முக்கால் மணி நேரம் போயிருக்கும்.

இதைச் சோம்பல் என்று நினைத்துத் தன்னையே திட்டிக்கொள்வது முதல் தவறு. "நமக்கு இது வராது போல" என்ற எரிச்சலைத் தாங்க முடியாமல்தான் எழுந்து ஓடுகிறோம். தள்ளிப்போடுவதே அந்த நேரத்து மனநிலையைச் சமாளிக்கும் வழிதான் என்று ஃபூஷியா சிரோய், டிம் பிச்சில் என்ற உளவியலாளர்கள் 2013-இல் எழுதினார்கள். திட்டினால் எரிச்சல் கூடும், கை இன்னும் சீக்கிரம் போகும். அதற்குப் பதில், எந்த வரியில் போனை எடுத்தீர்களோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு வாரத்தில் புள்ளிகள் இரண்டு மூன்று பாடங்களில் குவிந்து கிடப்பது தெரியும். அந்தப் பாடங்களை ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து மறுபடி தொடங்கலாம்.

அடுத்தது, ஆவேசத்தில் ஆப்பை அழிப்பது. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடையானது. ஜூலையிலேயே ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் ஷார்ட்ஸ். நாடே ஒன்றை அழித்த கதை இது! அடுத்த வீடியோ நன்றாக இருக்குமா மொக்கையா என்று தெரியாததுதான் நம்மை இழுக்கிறது. எப்போது தீனி விழும் என்று தெரியாதபோது புறாக்கள் விடாமல் கொத்துவதை உளவியலாளர் ஸ்கின்னர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். ஆப்பை அழிப்பதைவிட, போனை வேறு அறையில் அம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்காருவது மேல்.

எல்லாவற்றையும்விட மோசமான தவறு, படிப்பது போலவே இருக்கும் தப்பித்தல். டாப்பர் பேட்டி, "90 நாளில் வெற்றி" வீடியோ, இந்த முறை கட் ஆஃப் எவ்வளவு என்ற விவாதம், டெலிகிராமில் இறக்கிவைத்துத் திறக்கவே திறக்காத பிடிஎஃப், நாலு கலர் பேனாவில் டைம்டேபிள். சினிமா பார்த்தால் குற்ற உணர்வாவது வரும். இதில் அதுவும் வராது. ராத்திரி படுக்கும்போது நிறையப் படித்த திருப்தி இருக்கும், ஒரு வினாவுக்கும் விடை தெரியாது.

குரூப் 4-க்கு அவ்வளவு வியூகம் எதற்கு? 200 வினா, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 வினா தமிழ். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். மிச்சத்தில் 75 பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். தமிழுக்கு அடிப்படை பள்ளிப் பாடநூல்தான். ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை என்பதால், மூன்று மணி நேரம் எழாமல் உட்காரும் பழக்கமும் வேண்டும். பேட்டி பார்த்து அது வராது.

ஓய்வையும் அரைகுறையாக எடுக்காதீர்கள். புத்தகம் மடியில், மேட்ச் போனில் என்று இருந்தால் இரண்டும் கெட்டது. மேட்ச் பார்க்கும் நாளில் புத்தகத்தை மூடிவிட்டுப் பாருங்கள்.

"மெட்டீரியல் எல்லாம் போனில்தானே இருக்கு?" என்பார்கள். நூலகத்துக்குப் போனாலும் பிளக் பாயிண்ட் உள்ள மேசைக்குத்தான் போட்டி. பழைய வினாத்தாள்கள் டிஎன்பிஎஸ்சி இணையதளத்திலேயே கிடைக்கின்றன. நாலைந்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து இரு பக்கமும் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.