வாரத்தில் ஒரே நாள்: மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைப் புதிதாகத் தொடங்கும் முடக்குவாத நோயாளிகளுக்கு

முடக்குவாதத்தில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குகிறது. வலி மாத்திரைகள் அப்போதைக்கு வலியைத் தணிக்குமே தவிர, மூட்டு அரிக்கப்படுவதைத் தடுக்க மாட்டா. அதைத் தடுப்பதற்காகப் பெரும்பாலானோருக்கு முதலில் எழுதித் தரப்படுவது மெத்தோட்ரெக்சேட். இதை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறுதலாகத் தினமும் விழுங்கியவர்களுக்கு எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரிழப்பு வரை நேர்ந்திருக்கிறது.

படி 1: மருத்துவருடன் பேசிக் கிழமையை முடிவு செய்து, அதன் பெயரை மருந்துச் சீட்டிலும் மாத்திரைப் பெட்டியின் மேலும் முழுமையாக எழுதுங்கள். தினசரி மாத்திரைகளோடு இதைக் கலந்து வைக்காதீர்கள். உங்களுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவர் வேறொருவர் என்றால், அவருக்கும் இதை விளக்கிச் சொல்லுங்கள்.

படி 2: ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அட்டையில் அச்சிட்டிருக்கும் மில்லிகிராம் அளவைப் படியுங்கள். உங்களுக்குரிய அளவு 15 மி.கி. என்றால், 2.5 மி.கி. மாத்திரையில் ஆறு எடுக்க வேண்டும். அடுத்த முறை கடையில் 10 மி.கி. மாத்திரை தரப்பட்டு, நீங்கள் பழக்கத்தில் அதே ஆறை விழுங்கினால், அது 60 மி.கி. ஆகிவிடும். எண்ணிக்கையை மட்டும் நினைவில் வைத்திருப்பது போதாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

படி 3: பக்கவிளைவுகளைக் குறைக்கத் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரையை மருத்துவர் சொன்ன நாளில், பொதுவாக வேறு கிழமையில், எடுத்துக்கொள்ளுங்கள். பல தயாரிப்புகளில் இரண்டுமே சிறிய மஞ்சள் மாத்திரைகளாக இருப்பதால், நிறத்தை நம்பாமல் பெயரைப் படித்தே எடுக்க வேண்டும்.

படி 4: இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளைக் குறித்த நாளில் செய்துகொள்ளுங்கள். பாதிப்பு எந்த அறிகுறியும் இல்லாமல் தொடங்கக்கூடும் என்பதால், உடம்பு நன்றாக இருக்கிறது என்று தள்ளிப்போடுவது சரியல்ல. மதுவைக் குறித்தும் மருத்துவரிடம் ஒளிக்காமல் பேசுங்கள்.

படி 5: பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் வரை ஆகலாம். காலையில் விரல்களின் இறுக்கம் தளர எத்தனை நிமிடங்கள் ஆகின்றன என்று குறித்து வந்தால், மெல்ல வரும் முன்னேற்றம் உங்களுக்கும் மருத்துவருக்கும் தெளிவாகத் தெரியும்.

காய்ச்சல், வாய்ப்புண், புதிய வறட்டு இருமல், மூச்சுத் திணறல், காரணமில்லாத இரத்தக் கசிவு, கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் எது வந்தாலும், அடுத்த மாத்திரையை எடுக்காமல் உடனே மருத்துவரை அணுகுங்கள். இம்மருந்து கருவைப் பாதிக்கும். ஆகவே கருத்தரிக்கத் திட்டமிடுவோர் பல மாதங்களுக்கு முன்பே ஆலோசிக்க வேண்டும். டிரைமெத்தோபிரிம் கலந்த கிருமிக்கொல்லிகளை இதனுடன் சேர்ப்பது ஆபத்தானது என்பதால், வேறு எந்த மருத்துவரிடம் சென்றாலும் மெத்தோட்ரெக்சேட் எடுப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குறித்த நாளில் மறந்துவிட்டால் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டு அதன்படி செய்யுங்கள். விட்டதை ஈடுகட்ட அடுத்த வாரம் இரட்டிப்பாக எடுக்கக் கூடாது.