ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கேமரா வைக்கும் முன்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் வீடுகளுக்குக் கேமரா மாட்டிக் கொடுப்பதுதான் என் தொழில். ஆர்டர் பெரும்பாலும் துபாய், குவைத், சவுதியிலிருந்து வரும். வீட்டில் இருப்பது வயதான அம்மாவும் அப்பாவும். பணம் அனுப்புவதும் இடம் சொல்வதும் வெளிநாட்டில் இருக்கும் மகன். "ஹால்ல ஒண்ணு, அடுக்களைல ஒண்ணு, முன்னால ரெண்டு" என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்துவிடும். அம்மாவிடம் பெரும்பாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் முதல் வேலை, அம்மாவுக்கு ஒரு ஃபோன் போடுவது. எங்கே வைக்கலாம், எங்கே கூடாது என்று கேளுங்கள். கருங்கல் பக்கம் ஒரு வீட்டில் ஹாலுக்குள் கேமரா மாட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா கேட்டார்: "மக்களே, இது என்னப் பாக்கவா, கள்ளனப் பாக்கவா?" கொஞ்ச நாளில் மகன் கூப்பிட்டு, படம் தெரியவில்லை, கேமரா கெட்டுவிட்டது என்றார். போய்ப் பார்த்தால் கேமராவின் மேல் ஒரு தோர்த்து, அதாவது துண்டு, தொங்குகிறது. நான் அதை எடுக்கவில்லை.

என் கருத்து இதுதான்: கேமரா வெளியே பார்க்கட்டும், வீட்டுக்குள் வேண்டாம். அம்மா விழுந்துவிடுவாரோ என்ற பயம் இருந்தால், குளியலறையிலும் கட்டில் பக்கத்திலும் ஒயர் இல்லாத காலிங் பெல் பட்டன் வைத்து, மணியைப் பக்கத்து வீட்டில் மாட்டுங்கள். விழுந்ததைத் துபாயிலிருந்து பார்ப்பதைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வருவது மேல். படுக்கையில் இருப்பவரைக் கவனிக்க ஆள் வைத்திருந்து உள்ளே கேமரா வேண்டியே ஆகவேண்டும் என்றால், அந்த ஆளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெளியே வைக்க வேண்டிய இடங்கள்: முன்வாசல், பின்கதவு, கார் நிற்கும் இடம், ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகை. எட்டு ஒன்பது அடி உயரம் போதும். அதற்கு மேலே போனால் தலை உச்சிதான் தெரியும். நம் ஊரில் சிக்கல் பக்கவாட்டில்தான். மதிலுக்கு அந்தப் புறம் பக்கத்து வீட்டுக் கிணறு, துணி காயும் கயிறு, சில வீடுகளில் கிணற்றடியிலேயே குளியல். வருடக்கணக்காகப் பலகாரம் கொடுத்து வாங்கிய இரண்டு வீடுகள் இதனாலேயே முகம் திருப்பிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். கேமராவை இறுக்கி முடிக்கும் முன் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, ஃபோனில் லைவ் படத்தைக் காட்டுங்கள். கிணறு தெரிந்தால் கேமராவைத் திருப்புங்கள். திருப்ப முடியாவிட்டால் செட்டிங்ஸில் 'பிரைவசி மாஸ்க்' என்று இருக்கும், அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்துவிடலாம். பக்கவாட்டில் சுழலும் கேமரா வைக்கவே வைக்காதீர்கள். இன்று வாசலைப் பார்ப்பது நாளை எங்கே பார்க்கும் என்று அக்காவுக்கு எப்படித் தெரியும்?

சட்டமும் சும்மா இல்லை. 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் வீட்டுத் தேவைக்கு எடுக்கும் பதிவைத் தொடாது. அதை வைத்து எதையும் படம்பிடிக்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருவர் உடை மாற்றுவதையோ குளிப்பதையோ சம்மதமில்லாமல் வேண்டுமென்றே படம் எடுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லாவிட்டால் இரண்டும்.

வாங்கும்போது ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிடிவாதமாகக் கேட்பேன்: மாதச் சந்தா கட்டாமல் உள்ளே போடும் மெமரி கார்டில் பதிவாகுமா? ஆகாது என்றால் வேண்டாம். பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையும் கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. பல்பு ஹோல்டரில் மாட்டும் மலிவுச் சரக்கை ஆன்லைனில் வாங்கி அனுப்புகிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பதே இல்லை.

மாட்டியாயிற்று. இனி, யார் பார்க்கலாம் என்பது.

2016ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது. அதில் நிறைய வீட்டுக் கேமராக்களும், கேமரா படத்தைப் பதியும் டிவிஆர் பெட்டிகளும். அதற்குப் பெரிய வித்தை தேவைப்படவில்லை. கம்பெனியில் போட்டு அனுப்பிய பாஸ்வேர்டுகள் அறுபது சொச்சத்தை வரிசையாக அடித்துப் பார்த்தது, அவ்வளவுதான். எனவே கேமராவின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரூட்டரின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பிறந்த வருடம், வண்டி நம்பர் வேண்டாம், அது ஊருக்கே தெரியும். ரூட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' வசதி இருந்தால் கேமராக்களை அதில் தனியாக விடுங்கள். விலை குறைந்த கேமராக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும், 5ல் போட்டுவிட்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஆப்பில் கணக்கு உங்கள் பெயரில் தொடங்கவேண்டும். இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம். வேலை சீக்கிரம் முடிய, மாட்ட வருகிறவர் தன் ஃபோன் நம்பரிலேயே கணக்கைத் தொடங்கி, "நான் உங்களுக்கு ஷேர் பண்ணித் தாரேன்" என்பார். அப்படிச் செய்தால் வீட்டின் சொந்தக்காரர் அவர், நீங்கள் விருந்தாளி. நான் வந்தாலும் இதே கதைதான்: நல்ல ஆள் என்று நம்பி என்னிடம் விடாதீர்கள். வெளிநாட்டில் இந்திய சிம் அணைந்து கிடந்தால் ஓடிபி வராது, அதனால் ஈமெயிலில் தொடங்குங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். நான் வீட்டுப் படி இறங்கும் முன் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள், ஆப்பில் 'இணைந்துள்ள சாதனங்கள்' பட்டியலில் என் ஃபோன் இருந்தால் அதையும் நீக்குங்கள். நான் கோபப்பட மாட்டேன். கோபப்படுகிற ஆளாக இருந்தால், நீக்கியது நல்லதுதானே?

தம்பி, மச்சான், மாமா எல்லோருக்கும் பாஸ்வேர்டைக் கொடுப்பதும் வேண்டாம். ஷேர் செய்யும்போதே 'லைவ் மட்டும்' என்று வைக்கலாம், பழைய பதிவு அவர்களுக்குத் தெரியாது. அப்புறம், அந்தக் குடும்ப வாட்ஸ்அப் குரூப். இருட்டில் ஒருவர் நடந்துபோகும் துண்டு வீடியோவைப் போட்டு 'கள்ளன், உஷார்' என்று பரப்புகிறார்கள். நம் ஊரில் விடியுமுன் தலையில் லைட் கட்டிக்கொண்டு போகிறவர் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். சந்தேகம் இருந்தால் போலீஸுக்குக் கொடுங்கள், குரூப்புக்கு அல்ல.

அதே பால்வெட்டுக்காரரால்தான் அலர்ட்டும் ராத்திரி முழுக்க அடிக்கும். போதாததற்குத் தென்னை ஓலை ஆடும், லென்ஸ் முன்னால் சிலந்தி வலை பின்னும், அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும். 'அசைவு' என்பதை எடுத்துவிட்டு 'மனிதர்' என்று மாற்றுங்கள், பாதிக்கு மேல் குறையும். மாதம் ஒருமுறை கண்ணாடியைத் துடைக்கச் சொல்லுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் அடிக்கடி துடைக்க வேண்டும், உப்பு படிந்துவிடும்.

மைக்கை அணைத்து வையுங்கள். திண்ணையில் அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரியும் பேசுவது உங்களுக்கு வேண்டாம். அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் போகாது என்பதால் சிலர் கேமரா ஸ்பீக்கரில் பேசுகிறார்கள். சுவரிலிருந்து திடீரென்று "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால் எழுபது வயதில் யாருக்கும் தூக்கிவாரிப்போடும். அங்கே அனுமதியுள்ள போட்டிம் போன்ற ஆப்பை அம்மா ஃபோனில் ஏற்றிக் கொடுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். வெளிநாட்டு ஃபோனில் செட் செய்தால் கேமரா அந்த ஊர் நேரத்தை எடுத்துக்கொள்ளக்கூடும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், குவைத்தும் சவுதியும் இரண்டரை மணி நேரம். காட்சியில் தவறான நேரம் இருந்தால் போலீஸில் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகும். கார்டு கணக்கு இப்படி: நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 21.6 ஜிபி. 64 ஜிபி கார்டு மூன்று நாளில் நிறைந்து, பழையதை அழித்து எழுதத் தொடங்கும். வீட்டில் ஏதாவது நடந்தால் அன்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வரும்போது மட்டும் பதியச் சொன்னால் இன்னும் பல நாள் தாங்கும்.

ஐப்பசி இடிக்கு ரூட்டரும் கேமரா அடாப்டரும் சேர்ந்தே போகும். எல்லாவற்றையும் ஒரே பிளக்கில் கொண்டுவந்து, வானம் இருட்டினால் அதைப் பிடுங்கச் சொல்லிக் கொடுங்கள்.

கேமராவைப் பழையதாக விற்றாலோ யாருக்காவது கொடுத்தாலோ முதலில் கார்டை எடுங்கள். அப்புறம் ஆப்பில் உங்கள் கணக்கிலிருந்து நீக்கி, ரீசெட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். நீக்காமல் கொடுத்தால் பல கேமராக்கள் பழைய கணக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், வாங்கியவர் தன் ஃபோனில் சேர்க்க முடியாது.